உப்பளப் படங்களை விற்பனைக்கு வைக்கிறேன்: எடிஷன், விலை, பெயர் பற்றி ஆலோசனை தேவை

உப்பளத்து வெயில் (தூத்துக்குடி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தூத்துக்குடியில் பதினோரு ஆண்டுகளாகத் திருமண ஒளிப்படங்கள் எடுத்து வருகிறேன். முகூர்த்தம் இல்லாத நாள்களில் விடியற்காலையிலேயே கிளம்பி முத்தையாபுரம், தருவைக்குளம் பக்கத்து உப்பளங்களுக்குச் சென்று, கடந்த ஆறு ஆண்டுகளாகக் கறுப்பு வெள்ளையில் ஒரு தொடராகப் படமெடுத்திருக்கிறேன். பாத்தியில் தண்ணீர் வற்றி உப்பு பூக்கும் வேளை, வாரிக் குவித்த உப்பின்மேல் முதல் வெயில் விழும் வேளை, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஆளற்றுக் கிடக்கும் பாத்திகள் என்று தேர்ந்தெடுத்த படங்களாகவே ஏறத்தாழ எழுபது சேர்ந்திருக்கின்றன.

சென்ற ஜனவரியில் சென்னையில் ஒரு குழுக் கண்காட்சியில் அவற்றில் எட்டுப் படங்களை வைத்தேன். 16க்கு 24 அங்குல அளவில் பருத்திக் காகிதத்தில் அச்சிட்டு, ஃப்ரேம் போட்டு, ஒன்றுக்கு 18,000 ரூபாய் என்று விலை எழுதியிருந்தேன். இரண்டு விற்றன. வாங்கிய இருவருமே எனக்கு முன்பின் தெரியாதவர்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அவர்களில் ஒரு பெரியவர் பணம் கொடுத்த பிறகு, "இந்தப் படத்துக்கு மொத்தம் எத்தனை பிரதி போடப் போகிறீர்கள், தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எதற்கென்றே எனக்கு அப்போது விளங்கவில்லை. இன்னும் முடிவு செய்யவில்லை என்று மட்டும் சொன்னேன். கண்காட்சி நடத்தியவர்களுக்கு 30 சதவீதமும், அச்சுக்கு 3,200 ரூபாயும், ஃப்ரேமுக்கு 4,500 ரூபாயும் போக, ஒரு படத்துக்கு 4,900 ரூபாய் என் கையில் நின்றது.

இப்போது மூன்று விஷயங்களில் குழம்பி நிற்கிறேன். கடற்கரை ஓரமாகக் கட்டப்படும் ஒரு ரிசார்ட்டின் இன்டீரியர் டிசைனர் முப்பது அறைகளுக்கு முப்பது படங்கள் கேட்கிறார். ஒன்றுக்கு 2,500 ரூபாய் தருவதாகவும், கையெழுத்தோ எண்ணோ வேண்டியதில்லை என்றும் சொல்கிறார். அவர் கேட்கும் படங்களில், கண்காட்சியில் ஏற்கெனவே விற்ற இரண்டும் அடக்கம். என் மைத்துனரோ, இணையத்தில் ஒரு கடை திறந்து எல்லாப் படங்களையும் 1,500 ரூபாய்க்கு எத்தனை வேண்டுமானாலும் விற்கலாம், முதலில் பெயர் பரவட்டும் என்கிறார். மூன்றாவது சிக்கல் அந்தப் பெயரேதான். என் ஸ்டுடியோவின் பெயர் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயரிலேயே, அதே இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே உப்பளப் படங்களையும் வெளியிடலாமா? ஸலோன் எனப்படும் ஒளிப்படப் போட்டிகளில் பங்கேற்கும் நண்பர்கள், முதலில் அங்கே கிடைக்கும் பட்டங்களை வாங்கிப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டால் விலை தானாக உயரும் என்கிறார்கள். எட்டில் இரண்டு படங்களில் பெண் தொழிலாளர்களின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அவர்களிடம் வாய்மொழியாகச் சம்மதம் கேட்டுத்தான் எடுத்தேன், ஆளுக்கொரு பிரதியும் கொடுத்திருக்கிறேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சட்டகம் (சென்னை) எழுதியது:

வணக்கம், நண்பரே. நான் பதினான்கு ஆண்டுகள் ஒரு கேலரியில் வேலை பார்த்தவன். விற்பனைப் பக்கத்தையும் படம் வாங்குவோரின் பக்கத்தையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பெரியவர் கேட்ட கேள்விதான் உங்கள் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் தலைவாசல். ஓவியம் வாங்குபவர் ஒரு கித்தானை வாங்குகிறார், அதற்கு இரட்டை கிடையாது. ஒளிப்படம் வாங்குபவரோ, தன் வீட்டுச் சுவரில் தொங்குவது நாளை இன்னும் ஆயிரம் சுவர்களில் தொங்குமா என்பதைத் தெரிந்துகொள்ளாமலேயே பணம் கொடுக்கிறார். எத்தனை பிரதிகள் என்று முன்கூட்டியே சொல்லி, அந்தச் சொல்லைக் கடைசிவரை காப்பாற்றுவதற்குப் பெயர்தான் எடிஷன். பிராண்டிங் என்று இன்று பலரும் பேசுவதில் லோகோவும் எழுத்துருவும் வண்ணமும் மிகச் சிறிய பகுதி. நீங்கள் சொன்ன எண் பத்து ஆண்டு கழித்தும் மாறாமல் இருந்தால், அந்த நம்பிக்கைதான் உங்கள் பெயரின் மதிப்பு.

எத்தனை என்று வைத்துக்கொள்வது என்பதற்கு உலகம் முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக் கூட்டு வரிச் சட்டம், ஒளிப்படத்தைக் கலைப்பொருளாக ஏற்பதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது: கலைஞரே எடுத்து, அவரே அல்லது அவர் மேற்பார்வையில் அச்சிட்டு, கையொப்பமும் எண்ணும் இட்டு, எல்லா அளவுகளையும் சேர்த்து 30 பிரதிகளுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுக் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம், கண்காட்சிக்கென்றே உருவாக்கப்பட்ட ஒளிப்படங்களில் கையொப்பமும் வரிசை எண்ணும் உள்ள 200 பிரதிகள் வரை பாதுகாப்புத் தருகிறது. மேல்தட்டுச் சந்தையில் எண்ணிக்கை இன்னும் குறைவு. ஜெர்மன் ஒளிப்படக் கலைஞர் ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கி 1999இல் உருவாக்கிய ரைன் ஆற்றுப் படத்துக்கு ஆறே பிரதிகள். அவற்றில் ஒன்று 2011 நவம்பரில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. இதை விலைக்கு ஒப்பீடாகச் சொல்லவில்லை. "எல்லா அளவுகளையும் சேர்த்து" என்ற அந்த ஐரோப்பியச் சொற்றொடரைக் கவனியுங்கள் என்பதற்காகவே சொல்கிறேன். 16க்கு 24இல் பத்து, 24க்கு 36இல் பத்து, 40க்கு 60இல் ஐந்து என்று அளவுக்கு அளவு தனி எண் போட்டுக்கொண்டே போனால், வாங்கியவருக்குக் கணக்கே பிடிபடாது.

உங்கள் நிலையில் ஒரு படத்துக்கு 12 பிரதிகள், கூடவே அந்த எண்ணில் சேராமல் நீங்களே வைத்துக்கொள்ளும் கலைஞர் பிரதி என்று இரண்டு, அவ்வளவு போதும். கலைஞர் பிரதிகளை விற்கும் அவசரம் வேண்டாம். அருங்காட்சியகமோ பெரிய கண்காட்சியோ கேட்கும் நாளில் அவை தேவைப்படும்.

விலைக்கு வருகிறேன். இப்போது 30 சதவீதம் போக 4,900 ரூபாய் நின்றது என்கிறீர்கள். கேலரிகள் பெரும்பாலும் கேட்பது 50 சதவீதம். அதே 18,000 ரூபாய்ப் படத்தை ஒரு கேலரி விற்றால் 9,000 ரூபாய் வரும். அச்சும் ஃப்ரேமும் 7,700 ரூபாய் போக 1,300 ரூபாய்தான் மிஞ்சும். கேலரி ஒரு நாளும் வரப்போவதில்லை என்று நினைத்து வைத்த விலை இது. ஃப்ரேமை விலையிலிருந்து பிரித்துவிடுங்கள். ஃப்ரேம் இல்லாத பிரதிக்கு முதல் நான்கு வரை 24,000, எட்டு வரை 30,000, அதற்கு மேல் 40,000 என்று படிப்படியாக வையுங்கள். முதல் படியிலேயே, கேலரிப் பங்கும் அச்சுச் செலவும் போக 8,800 ரூபாய் கிடைக்கும். நீங்களே வீட்டிலிருந்து விற்றாலும் இதே விலைதான். கேலரியில் 24,000 ரூபாய்க்கு இருக்கும் படம் உங்களிடம் 14,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்ற செய்தி ஒருமுறை வெளியே போனால், அதன் பிறகு எந்தக் கேலரியும் உங்களை அழைக்காது.

ரிசார்ட் வாய்ப்பை மறுக்க வேண்டாம், 75,000 ரூபாய் சிறு தொகை இல்லை. ஆனால் உப்பளத் தொடரிலிருந்து ஒரு படமும் கொடுக்காதீர்கள். கடற்கரை, கால்வாய், வானம் என்று உங்களிடம் வேறு படங்கள் நிச்சயம் இருக்கும். அவற்றை அலங்காரப் படங்கள் என்று வெளிப்படையாகவே வகைப்படுத்தி, எடிஷன் இல்லாதவை என்று பில்லிலும் எழுதிக் கொடுங்கள். விற்ற இரண்டு படங்களையும் 2,500 ரூபாய்க்கு ரிசார்ட் அறைகளில் மாட்டிவிட்டால், 18,000 ரூபாய் கொடுத்த அந்தப் பெரியவர் என்றாவது விடுமுறைக்கு அங்கே தங்க நேர்ந்தால் என்ன நினைப்பார்?

ஸலோன் பட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை மதிக்கிறேன், ஒரு தனிப் படத்தைச் செம்மையாக எடுக்கும் பயிற்சி அங்கே கிடைக்கும். ஆனால் கேலரிக்காரர்களும், கண்காட்சிக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்கும் க்யூரேட்டர்களும் பார்ப்பது தொடரை. ஆறு ஆண்டு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறீர்கள் என்பதைவிடப் பெரிய அறிமுகம் உங்களுக்குத் தேவையில்லை. 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே என்ற ஒளிப்பட விழா போன்ற நிகழ்வுகளுக்கு விண்ணப்பிக்கும்போதும் இதையே முன்வையுங்கள்.

மையும் காகிதமும் (கோயம்புத்தூர்) எழுதியது:

நான் அச்சுக்கூடம் நடத்துபவன். மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், விலையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. வாங்குபவர் கையில் எடுத்துப் பார்ப்பது அச்சைத்தான் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உப்பைக் கறுப்பு வெள்ளையில் அச்சிடுவது மிகக் கடினமான வேலை. குவியலின் வெயில்பட்ட முனை உங்கள் கோப்பில் (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற கணக்கில்) 255 என்ற முழு வெண்மையில் இருந்தால், அச்சுப்பொறி அந்த இடத்தில் மையே தெளிக்காது; அங்கே வெறும் காகிதம்தான் தெரியும். படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டிருந்தால் குவியலின் முனை ஓரத்தோடு கலந்து, யாரோ கத்தரித்து எடுத்ததுபோல் ஆகிவிடும். அந்த முனையை 245 அளவுக்குக் கொண்டுவாருங்கள். கண்ணுக்கு அப்போதும் வெள்ளையாகவே தெரியும், ஆனால் உப்புப் பரலின் சொரசொரப்பு வந்துவிடும். முழுப் படத்தையும் அச்சிடும் முன் அந்த முனையை மட்டும் நான்கு அங்குலத் துண்டாக மூன்று விதமான காகிதங்களில் சோதித்துப் பாருங்கள். ட்யூப்லைட்டின் கீழ் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

காகிதத்தில் பலரும் பளிச்சென்ற வெண்மைக்கு மயங்குகிறார்கள். அந்தப் பளிச்சிடல் பெரும்பாலும் ஒளிர்வூட்டும் வேதிப்பொருளால் வருவது; ஆண்டுகள் போகப்போக அது மங்கும்போது காகிதம் மஞ்சள் பூத்ததுபோல் தெரியும். ஹானமூலெ என்ற ஜெர்மன் ஆலை 1584 முதல் காகிதம் செய்கிறது; அவர்களுடைய 308 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 308 கிராம் எடை) பருத்திக் காகிதத்தை இந்தியாவில் பல அச்சுக்கூடங்கள் வைத்திருக்கின்றன. கான்சன் காகிதமும் தரமானதே. எதுவானாலும் பன்னிரண்டு பிரதிகளுக்கும் ஒரே காகிதம், நிறமி மை என்று முடிவு செய்து குறித்து வையுங்கள். மூன்றாம் பிரதி ஒரு காகிதத்திலும் ஏழாம் பிரதி வேறொன்றிலும் இருந்தால் அது ஒரே எடிஷன் ஆகாது.

அச்சான படத்தை உடனே கண்ணாடிக்குள் அடைக்காதீர்கள். மையில் உள்ள கரைப்பான்கள் மெல்ல மெல்ல வெளியேறும். அதற்குள் ஃப்ரேமை மூடிவிட்டால் சில வாரங்களில் கண்ணாடியின் உட்புறம் புகை படிந்ததுபோல் மங்கலாகிவிடும், வாடிக்கையாளர் அதைப் பூஞ்சை என்று நினைத்துத் தொலைபேசியில் அழைப்பார். நான் குறைந்தது ஒரு நாள் திறந்து உலரவிட்டு, அதன்பின் சாதாரணக் காகிதத்தை மேலே பரப்பி இன்னும் ஒரு நாள் வைக்கிறேன். தூத்துக்குடி, சென்னை போன்ற கடலோர ஊர்களில் படம் கண்ணாடியைத் தொடக்கூடாது என்பதையும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். ஈரக் காற்றில் மைப்பரப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டையான மவுண்ட் போர்டை, அமிலமற்றதாகப் பார்த்து இடையில் கொடுத்தால் தேவையான இடைவெளி கிடைத்துவிடும்.

பருத்திக் காகிதத்தில் கையொப்பத்தைப் படத்துக்குக் கீழே உள்ள வெள்ளை ஓரத்தில் பென்சிலால் இடுங்கள்: இடப்பக்கம் எண், வலப்பக்கம் பெயர். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். விற்றுவிட்ட இரண்டு படங்களின் ஃப்ரேமைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். படத்தின் பெயர், அளவு, காகிதம், அச்சிட்ட நாள், மொத்தப் பிரதிகள், அவருடைய பிரதியின் எண் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்ட சான்றிதழ் ஒன்றை அனுப்பினால் போதும். எந்தப் பிரதி யாரிடம் போனது என்று குறித்து வைக்க உங்களிடம் ஒரு பேரேடு இருக்கட்டும். கணினியில் இருந்தாலும், கையால் எழுதிய நோட்டு ஒன்றும் இருப்பது நல்லது.

நெய்தல் (புதுச்சேரி) எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், மீனவர் குப்பத்தில் எடுத்த ஒரு படத்தை 12க்கு 18 அங்குல அளவில் பத்துப் பிரதிகள் என்று அறிவித்து, ஏழு விற்றிருந்தேன். அப்போது ஒரு விடுதியிலிருந்து அதே படத்தை ஐந்தடி அகலத்தில் வரவேற்பறைக்குக் கேட்டார்கள். அளவு வேறுதானே, அதைத் தனி எடிஷன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டு அச்சிட்டுக் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து, மூன்றாம் பிரதியை வாங்கியிருந்த அம்மா ஒருவர் அந்த விடுதியிலிருந்தே தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை. "நம் படம் இங்கே பெரிதாக மாட்டியிருக்கிறார்களே, உங்களுக்குத் தெரியுமா?" என்றுதான் கேட்டார். என்னிடம் சொல்லாமல் யாரோ திருடிப் போட்டுவிட்டார்கள் என்று எண்ணி, எனக்காகவே அவர் அழைத்திருக்கிறார். நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. அந்த "நம் படம்" என்ற சொல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பிறகு வாங்கிய ஏழு பேருக்கும் கடிதம் எழுதினேன். மீதமிருந்த மூன்று பிரதிகளை அச்சிடுவதில்லை என்று அறிவித்தேன். இருவர் படத்தைத் திருப்பித் தந்தார்கள், பணத்தைக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா திருப்பித் தரவில்லை. ஆனால் அதன்பின் என்னிடம் ஒரு படமும் வாங்கவில்லை.

இதே சிக்கல் பெரிய கலைஞர்களுக்கும் வந்திருக்கிறது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் வில்லியம் எக்ல்ஸ்டன் தம் புகழ்பெற்ற பழைய படங்களைப் புதிய டிஜிட்டல் முறையில் மிகப் பெரிய அளவில் அச்சிட்டு 2012இல் கிறிஸ்டீஸ் ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது, 36 படங்கள் 59 லட்சம் டாலருக்கு விற்றன. அவருடைய பழைய பிரதிகளை ஏராளமாகச் சேகரித்து வைத்திருந்த ஜொனாதன் சோபெல், தன்னிடமுள்ளவற்றின் மதிப்பு குறைந்துவிட்டது என்று வழக்குத் தொடுத்தார். புதியவை வேறொரு எடிஷன், எனவே சட்டமீறல் இல்லை என்று 2013இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டம் நமக்கு இடம் கொடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு தீவிரமாகத் தன்னைச் சேகரித்த ஒருவரை நீதிமன்றத்தில் எதிரெதிரே சந்திக்கும் நிலை எந்தக் கலைஞருக்கும் வரக்கூடாது என்பது என் கருத்து.

பெயர் விஷயத்தில் என் அனுபவம் இது. திருமணப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் பிரித்துவிடுங்கள். திருமண வேலையில் குறை இருப்பதால் சொல்லவில்லை. அதுதான் என் வீட்டு வாடகையைக் கட்டியது. மணப்பெண்ணின் அலங்காரத்தைப் பார்க்க வருபவரும் உப்பளத்தைப் பார்க்க வருபவரும் வேறு வேறு மனநிலையில் வருகிறார்கள். ஸ்டுடியோப் பெயர் ஸ்டுடியோவுக்கே இருக்கட்டும். உப்பளத் தொடர் உங்கள் சொந்தப் பெயரில், முன்னெழுத்தோடு, எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதும்போதும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். நான் முதல் மூன்று கண்காட்சிகளில் என் பெயரை மூன்று விதமாக எழுதி, தேடுபவர்களுக்குக் கிடைக்காமல் போனேன்.

கலைஞர் குறிப்பு என்று ஒரு பக்கம் கேட்பார்கள். வாழ்வின் நிலையாமை, ஒளியும் நிழலும் ஆடும் நடனம் என்றெல்லாம் எழுதாதீர்கள். எந்த மாதத்தில் உப்பு வாருகிறார்கள், நீங்கள் எத்தனை மணிக்குப் போவீர்கள், ஏன் வண்ணத்தை விட்டீர்கள் என்பதை எழுதுங்கள். படத் தலைப்புகளுக்கும் இது பொருந்தும். இணையத்தில் போடும் படத்தின் நீளப் பக்கம் 1,200 பிக்சலுக்குள் இருந்தால் கவலையில்லை. 24 அங்குல அச்சுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 7,200 பிக்சல் வேண்டும் என்பதால், அதைத் திருடி நல்ல அச்சு எடுக்க முடியாது. படத்தின் நடுவே வாட்டர்மார்க் போட்டுக் கெடுக்காதீர்கள்.

வெள்ளி உப்பு (திருச்சி) எழுதியது:

எனக்கு இங்கே ஒரு மாற்றுக் கருத்து உண்டு. நான் இன்றும் இருட்டறையில் ஃபிலிம் கழுவி அச்சிடுபவன். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதுதான் இந்தக் கலையின் இயல்பு. அதைச் செயற்கையாகப் பன்னிரண்டோடு நிறுத்துவது ஓவியச் சந்தையைப் பார்த்துப் பழகிய வழக்கம். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவுதயப் படத்துக்குத் தம் வாழ்நாளில் 1,300க்கும் மேற்பட்ட பிரதிகள் அச்சிட்டார். அதனால் அதன் மதிப்பு அழிந்துவிடவில்லை. 2006இல் சோதபீஸ் ஏலத்தில் ஒரு பிரதி ஆறு லட்சம் டாலரைத் தாண்டியது. நெகட்டிவை இசைக்குறிப்புக்கும், அச்சை அதன் கச்சேரிக்கும் அவர் ஒப்பிட்டதை இங்கே பலர் அறிந்திருப்பீர்கள். அவர் கையால் அச்சிட்டது என்பதுதான் அங்கே பெயரின் மதிப்பு.

இன்னொன்றும் கேட்கிறேன். 24,000 ரூபாய் என்று வைத்தால், இந்தப் படங்களைத் தூத்துக்குடியில் யார் வாங்க முடியும்? அந்த உப்பளத்தில் பிறந்து வளர்ந்து இன்று பள்ளி ஆசிரியராக இருக்கும் ஒருவர், தன் தாய் வேலை பார்த்த பாத்தியின் படத்தைத் தன் வீட்டில் மாட்ட ஆசைப்பட்டால் அவருக்கு என்ன வழி?

சட்டகம் (சென்னை) எழுதியது:

ஐயா, உங்கள் இரண்டாவது கேள்வி என்னையும் யோசிக்க வைத்தது. ஆடம்ஸ் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும்: அவர் எண்ணிக்கையை வரையறுத்துவிட்டுப் பிறகு மீறவில்லை, வரையறுக்கவே இல்லை. ஒவ்வொரு பிரதியையும் இருட்டறையில் அவரே உழைத்து உருவாக்கினார், அந்த உழைப்பே ஒரு வரம்பாக இருந்தது. கோப்பிலிருந்து பொத்தானை அழுத்தி எடுக்கும் அச்சுக்கு அந்த வரம்பு கிடையாது என்பதால்தான் வாயால் சொல்லும் எண்ணுக்கு இவ்வளவு பொறுப்பு வந்துவிட்டது.

ஊர்க்காரர்களுக்கு வழி இருக்கிறது. இந்திய ஒளிப்படக் கலைஞர் தயானிதா சிங் தம் படங்களைச் சுவரில் மாட்டும் தனி அச்சாக மட்டும் வைக்காமல், விரித்து வைத்தால் கண்காட்சியாகவே ஆகிவிடும் புத்தகங்களாகப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறார். 2022இல் ஒளிப்படத்துக்கான ஹாசல்பிளாட் விருது பெற்றவர் அவர். நம் நண்பரும் உப்பளத் தொடரைச் சிறிய மடிப்புப் புத்தகமாக, எண்ணிக்கை வரம்பில்லாமல், 400 அல்லது 500 ரூபாய்க்குக் கொண்டுவரலாம். முதல் எடிஷன் பிரதி விற்கும்போதே, இந்தப் படம் புத்தகமாகவும் வரும் என்று சான்றிதழில் ஒரு வரி எழுதிவிட்டால் யாரும் ஏமாந்ததாக உணர மாட்டார்கள்.

சாட்சி (மதுரை) எழுதியது:

வழக்கறிஞர் என்ற முறையில் சுருக்கமாக மூன்று குறிப்புகள். ரிசார்ட்டுக்குக் கைவசமுள்ள படங்களை விற்பது ஒன்று. அவர்கள் பணம் கொடுத்து, தங்களுக்காகவே புதிதாக எடுத்துத் தரச் சொல்வது வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பணம் பெற்று எடுத்த ஒளிப்படத்தின் பதிப்புரிமை, மாற்று ஒப்பந்தம் இல்லாத நிலையில், கேட்டவருக்கே முதலில் சேரும். எனவே உரிமை உங்களிடமே இருக்கும் என்று ஒரு பத்தியாவது எழுதிக் கையொப்பம் வாங்காமல் புதிதாக எடுக்கச் செல்லாதீர்கள்.

அதே சட்டத்தின் 53ஏ பிரிவு, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் ஓவியம், சிற்பம், வரைபடம் முதலியவற்றில் படைத்தவருக்கு ஒரு பங்கு தருகிறது. அந்தப் பட்டியலில் ஒளிப்படம் இல்லை. நாளை உங்கள் படம் பல மடங்கு விலைக்குக் கைமாறினாலும் உங்களுக்கு எதுவும் வராது. கையில் வைத்திருக்கும் பிரதிகளே உங்கள் பங்கு. சட்டகம் அவர்கள் கலைஞர் பிரதிகளை விற்க அவசரப்பட வேண்டாம் என்றதற்கு இது இன்னொரு காரணம்.

முகம் தெரியும் அந்த இரு பெண்களிடமும், படம் விற்பனைக்கு வருகிறது என்பதையும் விலையையும் தெளிவாகச் சொல்லி, தமிழில் எழுதி, படித்துக் காட்டிக் கையொப்பம் பெறுங்கள். வாய்ச்சொல்லில் அவர்கள் சம்மதித்தது படம் எடுப்பதற்கு. விற்பதற்குச் சம்மதித்தார்களா என்பது தனிக் கேள்வி.

உப்பளத்து வெயில் (தூத்துக்குடி) எழுதியது:

ஒரு வாரமாக இந்தப் பதில்களைத் திரும்பத் திரும்பப் படித்து வருகிறேன். எல்லாருக்கும் என் நன்றி. படம் வாங்கிய இருவரையும் தொலைபேசியில் அழைத்து, ஒவ்வொரு படத்துக்கும் 12 பிரதிகள் என்று முடிவு செய்திருப்பதாகவும், அவர்களிடம் இருப்பது அந்தந்தப் படத்தின் முதல் பிரதி என்றும், சான்றிதழ் அனுப்புவதாகவும் சொன்னேன். சிறிய புத்தகம் வரப்போவதையும் மறைக்கவில்லை. பெரியவர் மகிழ்ந்து, புத்தகம் வந்தால் தமக்கு ஐந்து வேண்டும் என்றார். நீள நோட்டு ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் இரண்டு வரிகள் எழுதிவிட்டேன்.

இன்டீரியர் டிசைனரிடம் உப்பளப் படங்களைத் தர இயலாது என்று காரணத்தோடு எழுதினேன். அவர் முதலில் வருந்தினாலும், கால்வாய்ப் படங்களைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். சாட்சி ஐயா சொன்ன பத்தியையும் ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறேன்.

நேற்று எழுதிய தாளோடு தருவைக்குளம் போயிருந்தேன். விலையைக் கேட்டு அந்த இரண்டு அக்காக்களில் ஒருவர் திகைத்துப் போனார். தன் முகம் இருக்கும் படத்தில் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு தொகை அவருக்கு வரும் என்று தாளிலேயே எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினேன். இன்னொருவர் கையொப்பமிடவில்லை. வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார், அதுவரை அந்தப் படத்தை விற்பனையிலிருந்து எடுத்து வைக்கிறேன். முதல் படத்துக்கு நான் "தவம்" என்று தலைப்பு வைத்திருந்தேன். நெய்தல் அக்கா எழுதியதைப் படித்த பிறகு அதை மாற்றி "வாரிய உப்பு, தருவைக்குளம்" என்றும், எடுத்த ஆண்டையும் மட்டும் எழுதியிருக்கிறேன்.

கோயம்புத்தூருக்கு மூன்று காகிதங்களில் சோதனைத் துண்டுகள் கேட்டு எழுதியாகிவிட்டது. புதன்கிழமை வந்துவிடும் என்கிறார்கள். அவற்றை உப்பளத்துக்கே எடுத்துச் சென்று காலை வெயிலில் குவியலுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, எந்தக் காகிதம் என்று இங்கே எழுதுகிறேன்.